இருபத்து நான்கு நாள் அதிருஷ்டம்

நமக்குக் காலை ஐந்தரை மணி என்றால் குளிர்காலத்தில் லண்டன் நகரத்துக்கு நள்ளிரவு. இந்த உண்மையைப் பூகோள பாடத்தில் எத்தனையோ வருஷங்களாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறோம். அவர்களில் ஒருவராவது அதைக் காரியத்தில் உபயோகப்படுத்துவார் என்று நாம் எதிர்பார்த்ததில்லை. 2024-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், நம் தெருவைச் சேர்ந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதை உபயோகப்படுத்தினாள்.

நாம் வசிப்பது குப்பனூர். சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் இரண்டு பாதைகளில், கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பேர்போன பாதையைத்தான் எல்லோரும் அறிவார்கள். மற்றொன்று அயோத்தியாப்பட்டணம் பக்கமாக வந்து, குப்பனூரைத் தொட்டு, கொட்டச்சேடு வழியாக மேலே போகிறது. பிரதான பாதையில் மண் சரிந்துவிட்டால் வண்டிகளை இந்தப் பக்கம் திருப்பி விடுவார்கள். உலகத்துக்கு அப்போது நம் ஊரின் ஞாபகம் வரும். மற்ற நாட்களில் மலைக் காற்றும், வயல் வேலையும், பஸ்ஸின் ஹாரன் சத்தமுமே ஊரின் செய்திகள்.

அப்பேர்ப்பட்ட ஊரில், கார்த்திகை மாதத்துக் குளிரில், அந்தப் பெண் தினந்தோறும் ஐந்து மணிக்கே எழுந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தகப்பனாரின் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். ஐந்தரை ஆனதும் லண்டனில் தேதி மாறும். தேதி மாறியதும் சீமைப் பிரசுராலயம் ஒன்று இணையத்தில் அன்றைய புத்தகத்தை அறிவிக்கும். பெயரையும் மின்னஞ்சல் விலாசத்தையும் பதிந்து, கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதினால், பெயர் குலுக்கலில் சேரும். டிசம்பர் முதல் தேதியிலிருந்து இருபத்து நான்காம் தேதி வரையில் நாளுக்கொரு புத்தகம், நாளுக்கொரு அதிருஷ்டசாலி.

இப்படி ஒன்று இருக்கிறது என்று அவளுக்குச் சொன்னவர்கள் நாமேதான். அந்தப் பாவத்தை ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

கதவு திறக்கும் காலண்டர்

மேல்நாடுகளில் கிறிஸ்துமஸுக்கு முந்திய நாட்களைப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருப்பது வழக்கம். இதற்காகவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனி தேசத்தில் ஒரு விதக் காலண்டர் அச்சிட்டார்கள். பின்னால் அதில் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு சிறு காகிதக் கதவு வைத்தார்கள். கதவைத் திறந்தால் உள்ளே ஒரு படம் இருக்கும்; நாளடைவில் படத்துக்குப் பதிலாக மிட்டாயும் வந்து சேர்ந்தது. இன்று பிரசுரகர்த்தர்கள் அந்தக் காலண்டரையே இணையத்தில் மாட்டி, மிட்டாய் இருந்த இடத்தில் புத்தகத்தை வைத்திருக்கிறார்கள். நல்ல யோசனை என்பதில் சந்தேகமில்லை. மிட்டாயைக் காட்டிலும் புத்தகம் மேலானது என்று சொல்ல உபாத்தியாயர் வேண்டியதில்லை.

நம் பெண் அதை எவ்வளவு சிரத்தையுடன் செய்தாள் என்பதை அவளுடைய நோட்டுப் புத்தகத்தில் கண்டோம். ஒவ்வொரு நாளும் புத்தகத்தின் பெயர், ஆசிரியர் பெயர், அதைப் பற்றிப் பிரசுராலயத்தார் எழுதியிருந்த நாலைந்து வரிகள், அவற்றில் அவளுக்குப் புரியாத ஆங்கிலச் சொற்கள், அகராதி பார்த்து எழுதிய தமிழ் அர்த்தம் எல்லாம் வரிசையாக இருந்தன. வகுப்பில் பத்து வரி எழுதச் சொன்னால் ஆறாவது வரியில் பேனாவை மூடிவிடுகிறவள்தான் அவள்!

பத்தொன்பதாம் நாள் புத்தகத்துக்கு அவள் பெயர் விழுந்தது. வாழ்த்துக் கூறி, விலாசம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. அவளுடைய ஆயா அன்று தெருவில் வீடு வீடாகக் கற்கண்டு கொடுத்தாள். "எங்க கண்ணுக்குச் சீமையிலிருந்து புத்தகம் வருது" என்று பஸ் கண்டக்டரிடங்கூடச் சொன்னதாகக் கேள்வி. பெண் விலாசத்தை எழுதியனுப்பினாள். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மிக மரியாதையான பதில். போட்டி தங்கள் தேசத்தில் வசிப்பவர்களுக்கு மட்டுமே உரியது என்றும், இது விதிகளில் கூறப்பட்டிருக்கிறது என்றும், வருந்துகிறோம் என்றும், பரிசு வேறொருவருக்கு அளிக்கப்படும் என்றும் எழுதியிருந்தார்கள்.

விதிகள் அதே பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் இருக்கத்தான் செய்தன. அவள் படிக்கவில்லை. அவளுக்கு வழி காட்டிய நாமும் படிக்கவில்லை.

நாம் அவளைப் பார்க்கப் போனபோது அவள் அழவில்லை. "எனக்கு ராசி இல்லை ஸார்" என்றாள். அவ்வளவுதான். பதினான்கு வயதுப் பெண், தன்னைப் பற்றி ஒரு தீர்ப்பை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். புத்தகம் போனதைப் பற்றி நமக்கு வருத்தமில்லை. அந்த ஒரு வாக்கியந்தான் நம்மைத் தூங்கவிடாமல் செய்தது.

இனாமின் விலை

பிரசுரகர்த்தர்கள் புத்தகத்தை இனாமாகக் கொடுப்பானேன்? தர்ம சிந்தை சிலரிடம் இருக்கலாம். ஆனால் வியாபாரக் கணக்கும் இருக்கிறது. அதில் தவறும் இல்லை. புதிதாக அச்சான புத்தகத்தை யாராவது படித்து நாலு பேரிடம் சொன்னால்தான் அது விற்கும். ஒரு பிரதியைக் கொடுத்துப் பல்லாயிரம் பேருடைய கவனத்தைப் பெறுவது, பத்திரிகை விளம்பரத்தைவிட மலிவு.

அமேஸான் கம்பெனியைச் சேர்ந்த குட்ரீட்ஸ் என்னும் வாசகர் தளம் இதற்கு ஒரு விலையே நிர்ணயித்தது. 2018 ஜனவரி முதல் அங்கே இனாம் புத்தகப் போட்டி நடத்த விரும்பும் ஆசிரியரோ பிரசுரகர்த்தரோ 119 டாலர் கட்ட வேண்டும். சிறப்பு வகைக்கு 599 டாலர் என்று ஆயிற்று. போட்டியில் பெயர் கொடுக்கும் ஒவ்வொருவருடைய 'படிக்க விரும்பும் புத்தகங்கள்' வரிசையிலும் அந்தப் புத்தகம் தானாகவே ஏறிவிடும். புதிய ஏற்பாடு தொடங்கியபோது அமெரிக்காவில் வசிப்பவர்கள் மட்டுமே பெயர் கொடுக்கலாம் என்ற விதியும் இருந்தது. புத்தகம் கொடுப்பவர் பணம் கட்டுகிறார். பெயர் கொடுப்பவர் தம் கவனத்தையும் விலாசத்தையும் கட்டுகிறார். இனாம் என்பது இரு பக்கமும் விலை உள்ள சரக்கு என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

சட்டம் அறிந்தவர்கள் லாட்டரிக்கு மூன்று அங்கங்கள் சொல்வார்கள்: பரிசு ஒன்று, அதிருஷ்டம் ஒன்று, அதில் சேரக் கொடுக்கும் கட்டணம் ஒன்று. மூன்றும் கூடினால் அது லாட்டரி. மூன்றாவதை எடுத்துவிட்டால் வெறும் இனாம் குலுக்கல். அதனால்தான் இத்தகைய போட்டிகளில் 'எதையும் வாங்க வேண்டியதில்லை' என்று தவறாமல் எழுதியிருக்கிறார்கள்.

இந்த மோகம் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1930-களில் தமிழ்ப் பத்திரிகைகளில் குறுக்கெழுத்துப் போட்டி எவ்வளவு பிரபலமாக இருந்தது என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். ஆனந்த விகடன் நடத்திய போட்டிகள் பிரசித்தமானவை. படிப்பவர்கள் பெருகினார்கள் என்று ஒரு கட்சியும், இது சூதாட்டம் என்று ஒரு கட்சியும் வாதாடின. சுதந்திரம் வந்தபின், 1955-இல் பாரத பார்லிமெண்டு பரிசுப் போட்டிச் சட்டம் இயற்றியது. மாதத்தில் மொத்தப் பரிசு 1,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது, ஒரு போட்டிக்கு வரும் விடைகள் 2,000-க்கு மேற்படக் கூடாது என்று அது வரம்பு கட்டியது. அறிவுத் திறமையால் முக்கியமாக வெல்லப்படும் போட்டிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று சாமர்பாக்வாலா வழக்கில் 1957-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நம் ராஜ்யத்திலேயே 1968-இல் சர்க்கார் லாட்டரி தொடங்கியது. 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிகளும் தடை செய்யப்பட்டன. முப்பத்தைந்து வருஷ அனுபவத்தில் எத்தனை குடும்பங்கள் என்ன பாடம் படித்தன என்பதை நம் தாய்மார்கள் அறிவார்கள்.

புத்தகக் குலுக்கலை லாட்டரிச் சீட்டோடு ஒப்பிடுவது அநியாயம் என்று வாசகர்கள் நினைக்கலாம். வாஸ்தவம். பணம் போவதில்லை. ஆனால் குழந்தையின் மனத்தில் இரண்டும் ஒரே பாடத்தைத்தான் எழுதக்கூடும்: 'நல்லது என்பது எங்கிருந்தோ விழுவது, நமக்கு விழாவிட்டால் நாம் விழத் தகாதவர்கள்.'

ராசியின் கணக்கு

ஆகவே, அந்தப் பெண்ணை உட்காரவைத்து ஒரு கணக்குப் போட்டோம். நாளொன்றுக்கு இரண்டாயிரம் பேர் பெயர் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் ஒருவருக்கு விழும் வாய்ப்பு இரண்டாயிரத்தில் ஒன்று. இருபத்து நான்கு நாளும் விடாமல் எழுதினால், நூற்றுக்கு ஒன்றேகால் பங்குக்கும் சற்றுக் குறைவு. அதாவது, அவளைப்போலவே சிரத்தையாக எழுதும் நூறு பெண்களை நிறுத்தினால், அவர்களில் ஏறத்தாழத் தொண்ணூற்றொன்பது பேருக்கு ஒன்றும் விழாது. அந்தத் தொண்ணூற்றொன்பது பேரும் ராசியில்லாதவர்களா? ஐந்தரை மணிக்கு எழுதினாலும் மாலை ஐந்தரைக்கு எழுதினாலும் வாய்ப்பு ஒன்றேதான் என்பதையும் காட்டினோம். குலுக்கல் சிரத்தையை அறியாது. அதற்கு எல்லாப் பெயரும் ஒரே காகிதம்.

அவள் நெடுநேரம் கணக்கைப் பார்த்தாள். பிறகு, "அப்படியென்றால் எனக்குப் பெயர் விழுந்ததே பெரிய அதிசயமா ஸார்?" என்று கேட்டாள். ஆமாம் என்றோம். அதிருஷ்டம் குப்பனூர் வரையில் வந்துதான் இருக்கிறது. விலாசந்தான் அதற்குப் பிடிக்கவில்லை!

இத்தகைய போட்டிகளில் பிள்ளைகள் சேரவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. சேர்வதற்கு முன் வீட்டார் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, எந்தத் தேசத்தார் சேரலாம் என்ற விதியைப் படிக்க வேண்டும். மற்ற விதிகளை அப்புறம் படிக்கலாம். இரண்டாவது, முடிவு நேரம் எந்த ஊர் நேரம் என்று பார்க்க வேண்டும். நியூயார்க்கின் நள்ளிரவு குளிர்காலத்தில் நமக்குக் காலை பத்தரை. மூன்றாவது, பரிசை அனுப்பத் தபால் செலவு, வரி, கட்டணம் என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி என்றே கொள்ள வேண்டும். வங்கிக் கணக்கு எண்ணையும் கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணையும் எவருக்கும் கொடுக்கலாகாது. நான்காவது, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளின் பெயர், விலாசம் முதலியவற்றைப் பெறுவதற்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று 2023-ஆம் வருஷத்து இந்தியச் சட்டமே கூறுகிறது. ஆகையால் பெற்றோர் பெயரிலேயே, இதற்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் வைத்துக்கொண்டு எழுதுவது உத்தமம். ஐந்தாவது, நம் பெண் செய்ததுபோல ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ள வேண்டும். புத்தகம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த நோட்டு நம்முடையது.

கொடுப்பவர் யார்?

ஐஸ்லாந்து என்ற சிறு தீவில் கிறிஸ்துமஸ் சமயத்தைப் புத்தக வெள்ளக் காலம் என்று அழைக்கிறார்கள். இரண்டாவது உலக யுத்த காலத்தில் அங்கே பல சாமான்களை இறக்குமதி செய்யத் தடை இருந்தது. காகிதத்துக்கு மட்டும் அவ்வளவு கட்டுப்பாடு இல்லை. ஆகவே ஜனங்கள் ஒருவருக்கொருவர் புத்தகமே பரிசளித்தார்கள். 1944 முதல் பிரசுரகர்த்தர்கள் சேர்ந்து, அந்தந்த வருஷத்துப் புத்தகங்களின் பட்டியலை அச்சிட்டு, நெடுங்காலம் வீடுதோறும் இலவசமாக அனுப்பி வந்தார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது: பிரசுரகர்த்தர் கொடுப்பது பட்டியலை, புத்தகத்தைக் கொடுப்பது தாய், தகப்பன், அண்ணன், தங்கை. அங்கே குலுக்கலுக்கு வேலையில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தகம் வருகிறது. யார் கொடுத்தது என்பதும் தெரிகிறது.

நமக்கு அத்தகைய பண்டிகை இல்லையா? புத்தகத்தையே தெய்வமாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டுப் பூஜிக்கும் ஜாதி உலகத்தில் நம்மைத் தவிர வேறு எத்தனை? ஆனால் சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தை அடுக்கி வைக்கிறோம், மறுநாள் விஜயதசமிக்கு எடுக்கிறோம், யாருக்கும் கொடுப்பதில்லை. கொடுக்கும் வழக்கமும் நமக்கு இல்லாததன்று. மன்னார்குடிப் பக்கத்தில் 1931-ஆம் வருஷத்திலேயே கனகசபைப் பிள்ளை என்ற பெரியவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு போனார். யார் வீட்டு வாசலில் வண்டி நிற்கும் என்பதற்கு அவர் சீட்டுக் குலுக்கவில்லை. 1948-இல் சென்னை ராஜதானி பொது நூலகச் சட்டம் இயற்றி, இந்தியாவில் அந்த வழிக்கு முன்னோடியாக நின்றது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கொடுத்து வருகிறோம். ஆகவே நூலகப் புத்தகம் இனாமும் அல்ல, அதிருஷ்டமும் அல்ல, நம் உரிமை.

ஒன்பது வீடு, ஒன்பது புத்தகம்

இவ்வளவையும் யோசித்த பிறகு, 2025-ஆம் வருஷ நவராத்திரிக்கு நம் தெருவில் ஒரு காரியம் செய்து பார்த்தோம். ஒன்பது வீட்டார் சேர்ந்தார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு புத்தகம். ஒரு நாளைக்கு ஒரு வீடு. அன்று மாலை அந்த வீட்டுப் பிள்ளை, தான் தேர்ந்த புத்தகத்தைப் பற்றி ஐந்து வரி எழுதி, கொலுப் படியின் முன் நின்று படிக்க வேண்டும். எழுதும் முறையைக் கற்றுக் கொடுத்தவள் நம் நோட்டுப் புத்தகப் பெண்தான்.

காந்தியடிகளின் சத்திய சோதனை வந்தது. உ.வே. சாமிநாதையரின் என் சரித்திரம் வந்தது. ராஜாஜியின் வியாசர் விருந்து வந்தது. கல்கியின் பார்த்திபன் கனவு வந்தது. சிறு குழந்தைகள் இருந்த வீட்டிலிருந்து அழ. வள்ளியப்பாவின் மலரும் உள்ளம் வந்தது. மற்றவையும் இப்படியே. சில பழைய பிரதிகள். சில சென்னையிலிருந்து தபாலில் தருவித்தவை. புத்தகங்களுக்கென்று இருந்த பழைய பதிவுத் தபால் சலுகை 2024 டிசம்பரில் நின்றபோது பலரும் குறைப்பட்டார்கள். 2025 மே முதல் தேதி முதல் 'ஞான் போஸ்ட்' என்று ஒன்று தொடங்கி, 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி என்று கட்டணம் வைத்தார்கள். மலையடிவாரத்துக்காரர்களுக்கு இது சிறிய விஷயமன்று.

அந்த வருஷம் விஜயதசமியும் காந்தி ஜயந்தியும் ஒரே நாளில், அக்டோபர் 2-ஆம் தேதி வியாழக்கிழமையில் வந்தன. அன்று சீட்டுக் குலுக்கினோம். ஆம், நாமும் குலுக்கத்தான் குலுக்கினோம்! ஆனால் புத்தகம் யாருக்குச் சொந்தம் என்பதற்கு அல்ல. எது யாருக்கு முதலில் என்பதற்கு மட்டும். பிறகு வியாழக்கிழமைதோறும் புத்தகங்கள் ஒரு வீடு தள்ளிப் போயின. ஒன்பது வாரத்தில் ஒன்பது புத்தகமும் ஒன்பது வீட்டையும் சுற்றி வந்துவிட்டன. ஒருவரும் தோற்கவில்லை. கடைசியில் கிடைத்தவருக்கு வருத்தம் உண்டா என்றால், அதுவும் இல்லை. படித்தவர்கள் எட்டுப் பேர் அதற்குள் அதைப் பற்றிச் சண்டை போட்டு, அவருடைய ஆவலை வளர்த்துவிட்டிருந்தார்கள். சத்திய சோதனை ஒரு வாரத்தில் முடியாது என்று முறையிட்டவர்கள் மூவர். அவர்களுக்கு இரண்டாம் சுற்று உண்டு என்று சொல்லியிருக்கிறோம்.

நம் பெண்ணுக்கு, அவள் மிகவும் விரும்பிய பார்த்திபன் கனவு ஒன்பதாவது வாரத்தில்தான் வந்தது. அதாவது நவம்பர் மாதக் கடைசியில். புத்தகம் அவள் கையில் இருக்கும்போதே டிசம்பர் முதல் தேதி பிறந்தது. சீமையில் காலண்டர்க் கதவுகள் மறுபடியும் திறக்கத் தொடங்கின.

சில நாள் கழித்து, இந்த வருஷமும் பெயர் கொடுக்கிறாயா என்று அவளிடம் கேட்டோம்.

"கொடுக்கிறேன் ஸார். எல்லாத் தேசத்தாரும் சேரலாம் என்று போட்டிருக்கிற ஒன்றில் மட்டும்" என்றாள்.

"விடியற்காலையில் எழுந்தா?"

"இல்லை ஸார். பள்ளிக்கூடம் விட்டு வந்தபிறகு. லண்டனில் அப்போதும் அதே தேதிதானே? காலையில் தூங்கலாம், ராத்திரி வெகுநேரம் படித்துக்கொண்டிருந்து விடுகிறேன்."

ராசியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.